இதர குறிப்புகள்

ப்ரூஷாவின் கையெழுத்தை
அந்தத் தொழிற்சாலையில் என்னைத் தவிர
யாராலும் படிக்க முடியாது.
முழங்காலில் கட்டிய பலகையில்
பென்சிலால் எழுதி வருவார்.
முப்பதாயிரம் அடியில் எழுத்து நிமிர்ந்திருக்கும்.
பதினைந்தாயிரத்தில் செக் மொழி கலக்கும்.
அதற்கும் கீழே
வெறும் நத்தைத் தடம்.
நான் தட்டச்சு செய்வேன்:
வால்பகுதியில் அதிர்வு. மிதமானது.

மிதமானது என்பது அவருடைய சொல்.
கால்வாய்க்கு மேலே இரண்டு முறை எரிந்தவர்.
இடது காதுமடல் பாதிதான்.
ஐந்து விமானங்களை வீழ்த்தினாராமே என்றேன்.
'நாலு. ஐந்தாவது தானாக விழுந்தது.
நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.'

போர் முடிந்து ப்ர்னோவுக்குப் போனவர்
மூன்றே வருடத்தில்
ஒற்றைப் பெட்டியோடு திரும்பினார்.
ஏன் என்று க்ளாஸ்டரில் எவரும் கேட்கவில்லை.
ஓட்ட ஆளில்லாமல் ஒரு விமானம் நின்றது.
முந்தைய ஆள் மார்ச் மாதம்
ஒரு டர்னிப் வயலில்.
அந்த அறிக்கையும் நான்தான் அடித்தேன்.
படிக்கச் சிரமமில்லை,
அவர் எழுதியதல்லவே.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
செங்குத்துப் பாய்ச்சல், நான்காம் முயற்சி.
முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதும்
சிமெண்டில் நட்டதுபோல் நின்றது தண்டு.
பதினோரு விநாடி.
இரண்டு கைகளும் அதில்தான் இருந்திருக்கும்.
எப்போது எழுதினார் தெரியவில்லை.
'இதர குறிப்புகள்' கட்டத்தில்
பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தெளிவோடு:

கீழே ஒருவர் போர் போடுகிறார்.
வைக்கோல்போர்.
மூலைகள் நேர்த்தியாக வந்திருக்கின்றன.

தலைமைப் பொறியாளர் கட்பெர்ட்சன்
மூன்று வரியையும் அடித்துவிட்டார்.
நான் அடித்ததை அடித்தபடியே
அமைச்சகத்துக்கு அனுப்பினேன்.
ஆறு வாரம் கழித்துக் கடிதம்:
வைக்கோலுக்கும் வால்பகுதிக்கும் உள்ள
தொடர்பை விளக்கவும்.

ப்ரூஷா என் மேசையில் சாய்ந்து
சர்க்கரை தீர்ந்த தேநீரைக் குடித்தபடி
சொல்லச் சொல்ல அடித்தேன்.
'தொடர்பு ஏதுமில்லை.'
இன்னும் ஏதாவது?
'தண்டை இன்னும் இரண்டு அங்குலம்
நீளமாக்கச் சொல்.'
ஆக்கினார்கள்.

கண் மங்கியபின் பறக்க விடவில்லை.
ஹெரிஃபோர்டில் பால் வண்டி ஓட்டினார்,
மின்கல வண்டி,
மணிக்குப் பன்னிரண்டு மைல்.
புட்டிகள் குலுங்குவதைப் பற்றி
வருடந்தோறும் கிறிஸ்துமஸ் அட்டையில் புகார் வரும்.
மிதமானது என்று முடிப்பார்.

இந்த வருட அட்டையில்
புகார் இருக்கிறதா தெரியவில்லை.
சன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்கிறேன்.
முழுக்க நத்தைத் தடம்.
பழக்கத்தில் உயரத்தைக் கணக்கிடுகிறேன்.
ஆயிரம் அடி.
அதற்கும் கீழே இருக்கலாம்.