சட்டத்துக்குள்

பாக்கியவதியின் தாடைக்கடி
கழுத்து வரை கல்லாக இறுகியிருந்தது.
நாக்கைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை.
எச்சில் விழுங்கவும் முடியவில்லை.
யார் பிடுங்கியது என்றேன்.
கை மட்டும் எழுந்து எதிர்ச்சாரியைக் காட்டியது.

வைரக்கண்ணு பல்செட்.
இரண்டே நாளில் சிரிப்பு.
வலியில்லாமல் எடுக்கப்படும்.

நூற்றெட்டில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டு
கையுறை கழற்றாமலே
புகார்ப் படிவத்தை இழுத்தேன்.
பல் மருத்துவர் சங்கத்தின் நீடாமங்கலம் கிளைக்கு
நான்தான் செயலாளர்.
போன கூட்டத்தில்கூட
போலிகளை ஒழிப்போம் என்றொரு தீர்மானம்,
ஒன்பது கையெழுத்து,
பிறகு விரால் மீன் குழம்பு,
உட்கார்ந்து கேட்டதற்கு ஆளுக்கு மூன்று கல்விப் புள்ளி.

எதிராளி பெயர்: எழுதினேன்.
பட்டம்: இல்லை.
அந்த இல்லையை இரண்டு முறை அழுத்தினேன்.
கடைசிக் கட்டத்தில் கேட்டிருந்தது:
புகார் தருபவரின் பதிவு எண்,
செல்லுபடியாகும் நாள்.

எண் மனப்பாடம்.
நாளுக்காகச் சுவரை அண்ணாந்து பார்த்தேன்.
டிசம்பர் முப்பத்தொன்று.
காலண்டரில் தை முடிய ஒரு நாள்.
சட்டத்துக்குள்தான் தொங்கியது சான்றிதழ்.
சட்டத்துக்கு வெளியே
ஸ்டூலில் நான்.

மேட்டூரைச் சாத்திய தேதி தெரியும் எனக்கு.
மூணாத்துத் தலைப்பில் ஷட்டர் இறங்கியது தெரியும்.
கொள்முதல் நிலையத்தில் அப்பாவின் சம்பாவை
ஈரப்பதம் பத்தொன்பது என்று திருப்பிவிட்டார்களே,
அந்தக் கிழமை, அந்த மணி, அந்த ஆளின் சட்டை நிறம்கூட.
பதிவேட்டிலிருந்து
என் பெயர் உதிர்ந்தது மட்டும் தெரியவில்லை.

நோட்டைப் புரட்டி எண்ணினேன்.
நாற்பத்து மூன்று நாளில்
இருபத்தாறு பல் எடுத்திருக்கிறேன்,
பதினாலு வேர் சிகிச்சை,
கூத்தாநல்லூர் மாப்பிள்ளைக்கு முன்பல் ரெண்டு கட்டி
நிக்காஹ்வுக்கு நேரத்தோடு அனுப்பியிருக்கிறேன்.
எதுவும் சீழ் பிடிக்கவில்லை.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்:
எதுவும் சீழ் பிடிக்கவில்லை.

வைரக்கண்ணுவும்
நேற்று வரை
இதைத்தான் சொல்லியிருப்பான்.

ஷட்டரை இறக்கினேன்.

இரவு எட்டரைக்குத் தட்டியவர் தெட்சிணாமூர்த்தி,
ஸ்டேஷனில் வேகனுக்கு மூட்டை ஏற்றுபவர்.
துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.
இன்னிக்கு முடியாதுங்க என்றேன்.
கரண்டு இல்லியா டாக்டர்?
கரண்டு இருந்தது. ஊசி இருந்தது, மருந்து இருந்தது.
கை இருந்தது.
இல்லாததன் பெயரை
கடவாப்பல் வலிக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் மெல்லத் திரும்பினார்.
எதிரே டியூப்லைட் எரிந்தது.
நாற்காலி காலியாக இருந்தது.

ஏறுங்க என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.
மன்னார்குடி ஜி.எச்.சில் ராத்திரி டூட்டிக்கு ஆள் உண்டு,
என்னோடு படித்தவள்,
எதையும் மறக்காதவள்.

எங்கள் ஊர் ரயில்வே கேட் யாருக்காகவும் திறந்ததில்லை.
பேருந்து, டிராக்டர், கல்யாண வேன்,
எல்லோர் முன்னாலும்
நெல் வேகன்கள் ஊர்ந்தன.
அதுல பாதி நான் ஏத்துனதுங்க என்றார்,
வாயின் ஒரு பக்கத்தால்.
பின்னாலிருந்து ஒரு குரல்: என்ன டாக்டரம்மா,
கடை சாத்திக் கிடக்கு?
டிவிஎஸ்ஸில் வைரக்கண்ணு,
ஹேண்டிலில் சாப்பாட்டுத் தூக்கு.
அக்கறையாகத்தான் கேட்டான்.
பாக்கியவதியைப் பற்றி
அவனுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.
ரயில் சத்தத்தில்
நானும் சொல்லவில்லை.

காலையில் தஞ்சாவூரிலிருந்து போன்:
தொண்டையில் துளையிட்டிருக்கிறார்கள்,
மூச்சு வருகிறது, பேச்சு வர நாளாகும்.

தபால் நிலையத்தில் இரண்டு உறை வாங்கினேன்.
ஒன்றில் அபராதத்தோடு புதுப்பிப்பு மனு.
இன்னொன்றில் புகார்.
கோந்து தடவுவதற்கு முன்
கடைசிக் கட்டத்தை நிரப்பினேன்.
செல்லுபடியாகும் நாள்:
முடிந்துவிட்டது.
கீழே என் கையெழுத்து,
முழுப்பெயரில்.