புள்ளிக் கணக்கு

எங்கள் ஊர் ஆள் எண்ணுவதில் பிசகாது.
நகரத்தார் கோயில் வரிக்குத்
தம்பதி ஒரு புள்ளி,
துணை போனவர் அரை.

தேவகோட்டை ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணி.
நாற்பத்தொரு கட்டில், நான்.
பதிவேட்டில் மட்டும் இரண்டு பேர்:
சகாயராணி
சிவகங்கைக்கு மாற்றுப்பணி போய்
பங்குனியோடு ஆறு மாதம்.

பதினேழில் ஆக்சிஜன் மாற்றும்போது
முப்பத்திரண்டில் டிரிப் தீர்ந்து
குழாயில் ரத்தம் ஏறியிருக்கிறது.
ஓடிவந்து சொன்னவன்
பக்கத்துக் கட்டில்காரர் மகன்,
ஒன்பதாம் வகுப்பு.
அவனையும் எண்ணிக்கொள்வதா?

ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் என்று
சட்டம் வரப்போகிறதாம்.
எழுதுகிற புண்ணியவான்களே,
'இயன்றவரை' என்று மட்டும் சேர்க்காதீர்கள்.
அந்த ஒரு சொல்லுக்குள்
முப்பத்தைந்து கட்டில் போடலாம்.

விடிந்ததும் கையெழுத்து.
சகாயராணி கட்டத்தில்
இன்று நான்
'இல்லை' என்று எழுதினேன்.