திரும்பி வரும் தண்ணீர்

பாமசி கவுண்டரில்
இரண்டு வருடம் என் முகத்துக்கு முன்னால் நின்ற பலகை.
கழற்றிப் படிக்குக் கீழே சாய்த்திருந்தார்கள்.
"கொண்டு போ லியோனி, இடத்த அடைக்குது" என்றார் முதலாளி.
டிக்கோயா பஸ்ஸில் கொண்டக்டர்
அதற்கும் ஒரு டிக்கட் கிழித்தான்.

'ஒரு மீற்றர் தள்ளி நிற்கவும்'
ஸ்டிக்கரைத் தேங்காயெண்ணெய் தொட்டு உரித்தேன்.
எழுத்து போனது.
பசையின் நிழல் போகவில்லை.

போர்ட் கடை லலித் அறுத்துத் தந்தான்:
நீளம் இரண்டடி, உயரம் பதினாறு அங்குலம்,
உள்தடுப்புக்கு மூன்று துண்டு.
பேசுவதற்கென்று துளைத்த வட்டத்தில்
வாள் வைக்கப் போனவனை நிறுத்தினேன்.
வடிகட்டும் பை அதில்தான் தொங்க வேண்டும்.
அளவெடுத்துச் செய்தமாதிரி நாலு அங்குலம்.

அந்த வட்டத்தில் வாயை வைத்து
ஒருத்தி கேட்டாள், ஓகஸ்ட் மாதம்,
ஒரு ஊசிமருந்தைக் காட்டி: "எவ்வளவு?"
சொன்னேன்.
கேட்கவில்லைபோல. திரும்பக் கேட்டாள்.
கடை முழுக்கக் கேட்கிறமாதிரிச் சொன்னேன்.
பனடோல் அரைக் கார்ட் வாங்கிக்கொண்டு போனாள்.
அவள் மூச்சு கொஞ்ச நேரம்
பலகையில் இருந்தது.

பசை என்கிறோம், அது பசையில்லை.
ஊசியால் விளிம்போரம் விட்டால்
தண்ணியாய் ஓடி
இரண்டு பலகையையும் கொஞ்சம் கரைத்து
ஒன்றாக உறையவிட்டுப் பறந்துபோகிறது.
வாடை போகட்டுமென்று கதவைத் திறந்தேன்.
மூட்டம் உள்ளே வந்தது.
விடிந்து பார்த்தால் மூட்டெல்லாம் வெள்ளை,
பூ விழுந்த கண்போல.

இருந்தாலும் நிரப்பிப் பார்த்தேன்,
கீழே ஞாயிறு பேப்பர் விரித்து.
காலையில் ஒரே ஒரு கல்யாண விளம்பரம் நனைந்திருந்தது:
தாரமிழந்தவர், அரச உத்தியோகம், சொந்த வீடு.

பிரித்தேன். அரத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
கதவைச் சாத்தி, குண்டு பல்பை எரியவிட்டு
தலையிடியோடு மறுபடி ஒட்டினேன்.
இரண்டு நாள் தொடவில்லை.

மேலே மூன்று தங்கமீன்.
"மூணு பேருக்கு இவ்வளவு பெரிய குசினியா?"
அருள்ஞானத்துக்குச் சிரிப்பு.
அஞ்சு அங்குலம் ஏன் வெறுமையாய் விட்டாய் என்பதுதான்
அவனுக்கு விளங்கவேயில்லை.
"நிறைய ஊத்தினா நல்லதுதானே?"
பொறு என்றேன்.

புதன்கிழமை ஒன்பதேகாலுக்குக் கரண்ட் போனது.
மோட்டர் நின்றது.
மேல்தொட்டியில் நின்றதெல்லாம்
வந்த குழாயாலேயே திரும்பி இறங்கத் தொடங்கியது.
போன் வெளிச்சத்தில் நிலத்தில் குந்திப் பார்த்தேன்.
மார்க்கர் கோட்டைத் தாண்டியது.
அதற்கு மேலும் ஏறியது.
வெள்ளையாய்த் தெரிந்த பழைய பசை நிழல்வரை ஏறியது.
பிறகு குழாய் காற்றை உறிஞ்சியது,
கஞ்சி குடித்து முடிக்கிற சத்தம்.
நின்றது.

அறைக்குள் இருட்டிலிருந்து
"எவ்வளவு?" என்றான்.
ரெண்டு விரல் மிச்சம் என்றேன்.
கேட்கவில்லைபோல.
திரும்பக் கேட்டான்.

எழுந்து போய்ப்
பக்கத்தில் நின்று சொன்னேன்.