நூற்றுப்பதினேழாம் தகடு

கீறுவதுதான் என் வேலை.
கார்பைடு முனையால், அளவுகோல் பிடித்து,
ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பெருக்கல் குறி.
எஃகின் வெளிச்சம் தெரியும்வரை அழுத்தவேண்டும்.
பாதியில் இரக்கப்பட்டால் கணக்குத் தப்பிவிடும்.

சாண்டோய் தீவின் மேற்குக் கரையில்
கடலைப் பார்த்துச் சாய்ந்த மரச்சட்டங்கள்,
அவற்றில் இருநூற்று நாற்பது தகடுகள்.
செம்மறிகள் வந்து முதுகு சொறிந்துகொள்ளும்.
அதற்கும் குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால்
இந்த இரும்பு
கடலை மறக்க வழியே இல்லை.

வெறும் பெயின்ட் பூசியவை
மூன்றாம் வாரமே அழத் தொடங்கின.
குறியின் நான்கு கைகளிலிருந்தும்
தேநீர்க் கறைபோல் வழிந்தது துரு.

நூற்றுப்பதினேழு அழவில்லை.
அதன் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆளிவிதை எண்ணெய்.
முனை போன வழியெல்லாம் ஓடுகள் உடைந்து
எண்ணெய் கசிந்து
காற்றைக் குடித்து
இறுகிவிட்டது.
லென்ஸில் பார்த்தேன்: மெல்லிய, மஞ்சள் தழும்பு.
ஆலங்கட்டி, பனி, பிப்ரவரியின் அலைகள்,
எட்டு மாதம்.
தழும்பு அப்படியே இருந்தது.

அறிக்கையில் 'மிக நன்று' என்று எழுதிய அன்றுதான்
ஹானுஸ் தன் இரும்புப் படகைக் கட்டிவிட்டு
மேடேறி வந்தான்.
நகத்தால் தகட்டைத் தட்டிப் பார்த்தான்.
"இதை என் படகுக்கு அடிக்கலாமா?"

"அடிக்கலாம். ஆனால் ஓரிடத்தில் ஒருமுறைதான் ஆறும்.
உடைந்த முட்டைக்குப் பதில் முட்டை கிடையாது."

அவன் சிரிக்கவில்லை.
"துறைமுகச் சுவர் எப்போதும்
ஒரே இடத்தில்தான் உரசும்.
அணியத்தில், இடப்பக்கம்.
பதினொரு வருஷமாக."

எண்களில் மட்டும் பதில் சொல்லத் தெரிந்தவள் நான்.
அந்தப் பதினொன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவன் இறங்கிப்போனபின்
கையுறையைக் கழற்றிவிட்டு முனையை எடுத்தேன்.
விதிமுறையில் இல்லாத வேலை:
அதே தழும்பின்மேல், அதே அழுத்தத்தில்,
இரண்டாம் முறை.

பளிச்சென்று கண் திறந்தது எஃகு.
காத்திருந்தேன்.
ஒன்றும் கசியவில்லை.
பக்கத்தில் ஒரு செம்மறி பெருமூச்சு விட்டது.
கடல் அவசரமே இல்லாமல்
ஒரு துளியைக் கொண்டுவந்து
அதில் வைத்தது.

குறிப்பேட்டில் புதிய பக்கம் புரட்டினேன்.
தலைப்பு: அணியம், இடப்பக்கம்.