மூன்று மணிக் கோலிக்குண்டு

இரவு மூன்று மணிக்கு மேல்வீட்டில்
யாரோ கோலிக்குண்டு உருட்டுகிறார்கள் என்று
நகர மன்றத்துக்கு இரண்டு முறை எழுதிப்போட்டேன்.
மின்தூக்கியில் ரொஹாயா அக்காவோடு
முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன்.
அவர் ஹஜ்ஜுக்குப் போய்
வீடு பூட்டிக் கிடந்த மாதமும்
குண்டு உருண்டது.

ஹவ்காங், புளோக்கின் கீழ்த்தளத்தில் பல் மருந்தகம்.
டாக்டர் கோ என் கடைவாய்ப் பல்லைத்
திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.
மேடு இல்லை, பள்ளம் இல்லை,
உள்மஞ்சள் தெரிய மழுங்கிய தரை.
எலுமிச்சைச் சாறு நிறையக் குடிப்பீர்களா? இல்லை.
கோலா? இல்லை.
என்ன வேலை?
சிரிப்பு வந்தது.
வாய்க்குள் கண்ணாடி இருக்கும்போது
சிரிப்பது கஷ்டம்.

காப்புறுதி நிறுவனம், இழப்பீட்டுப் பிரிவு.
நாளுக்கு அறுபது அழைப்பு.
புருஷனைப் பறிகொடுத்தவளிடம்
பதினேழாம் படிவத்தில்
ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று சொல்ல வேண்டும்.
குரலில் பல் தெரியணும் என்பார் மேலாளர்.
பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு வருடம்.
அது வெறும் பேச்சுவழக்கு என்றுதான்
நினைத்திருந்தேன்.

கார்ட்டிசோல், என்றார் டாக்டர்.
சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் ஒரு சுரப்பி,
புலி வந்தால் ஊற்றுமாம்.
புலி வரவே இல்லை. ஊற்றிக்கொண்டே இருக்கிறது.
எச்சில் வற்றுகிறது.
வயிற்றுப் புளிப்பு நடுராத்திரி தொண்டையேறி வருகிறது,
கழுவிவிட ஆளில்லை.
இளகிப்போன பல்லைப் பல்லே அரைக்கிறது.
எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும்,
எனாமல் மட்டும்
போனது போனதுதான்.

நானூற்றைம்பது வெள்ளிக்கு ஒரு பல்லுறை,
நீல டப்பாவில்.
முதல் இரவே தூக்கத்தில் கழற்றி வீசியிருக்கிறேன்.
காலையில் கட்டிலடியில்
யாரோ மறந்துவிட்டுப் போன சிரிப்பாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பண்டான் கேக்கோடு
பதினோராம் மாடி ஏறினேன்.
மன்னிப்புக்கான மலாயைப் படிக்கட்டில்
மூன்று முறை ஒத்திகை பார்த்தேன்.
ரொஹாயா அக்கா முழுவதும் கேட்டார்.
கை தானாகக் கன்னத்துக்குப் போனது.
"எங்களுக்கும் கேட்கும் அந்தச் சத்தம்.
பன்னிரண்டாம் மாடி என்று
நினைத்துக்கொண்டிருந்தோம்."

உள்ளே கூப்பிட்டுக் கேக்கை வெட்டினார்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
இரண்டு பேருமே
இடப்பக்கமாக மென்றோம்.