வெற்று வண்டியின் எடை

சான் லொரென்சோ துறைமுகத்தில்
சோயா லாரிகளை எடை போடுவது என் வேலை.
நிறைந்து வரும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை.
நடுவில் காணாமல் போனதுதான் சரக்கு.
இருபத்திரண்டு வருடமாகக்
கழித்தல் கணக்கில் சாப்பிடுகிறேன்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து
ரொசாரியோ போவேன், படுத்துப் பேச.
இங்கே அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.
கசாப்புக்கடைக்காரர்கூட
பொட்டலத்தைச் சுற்றிக்கொண்டே கேட்பார்:
'உங்கள் ஆள் எந்தப் பிரிவு?'

முதல் ஆள் டாக்டர் லெவிட்டான்.
எதைச் சொன்னாலும் அதற்குள் அவரும் நானும்.
லாரியின் வயிறு அவருடையது,
மாதிரி எடுக்கக் குத்தும் குழாய் என் பொறாமை.
பஸ் தாமதம் என்றேன்.
'நான் உங்களைப் பட்டினி போட்டதாகக் கோபம்' என்றார்.
கோபமே இல்லை.
திரும்பும் வழியில் வந்தது.
அதுவும் சரி என்பார் என்று தெரிந்ததால்
இன்னும் வந்தது.
நான்கு வருடம்.
நான் வெறுத்தவளும் ஏங்கியவளும்
ஒரே ஆள் என்பதை
அந்த வெல்வெட் சோபாவில்தான் கண்டுபிடித்தேன்.
கண்டுபிடித்த அன்று சளி பிடித்தது.

பிறகு எட்செவெரி.
ஐம்பது நிமிடம் என்று நம்பிப் போனேன்.
பதினோராவது நிமிடத்தில்,
'அப்பாவும் இதே மேடையில்தான். அவருக்கு பெசார்...'
எழுந்துவிட்டார்.
'இன்றைக்கு இவ்வளவுதான்.'
பணத்தை மட்டும் முழுசாக எண்ணி வாங்கினார்.

பெசார் என்றால் எங்கள் மொழியில் எடை போடுதல்.
பெசார் என்றால் துக்கமும்தான்.
மாடிப்படியில் உட்கார்ந்து
அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை
முதன்முதலாகக் கேட்டேன்.
அறுந்த வாக்கியம்
பல்லில் சிக்கிய நார் போல
வாரம் முழுக்க நாக்கை விடவில்லை.

ஆனால் சொல்லே விழாத இடத்தை
எந்தக் கத்தரியால் வெட்டுவது?

எனக்கு மூன்று வயதில்
தம்பி ஒருவன் பிறந்து ஒன்பது நாள் இருந்தான்.
அம்மா சாகவில்லை.
சமைத்தாள். தலை வாரிவிட்டாள்.
சீப்பு என் தலையில் இருக்கும்,
அவள் பரனா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பாள்.
'அம்மா' என்றால் 'ம்' வரும்.
அந்த 'ம்'முக்குள் ஆள் இருக்காது.
எங்கே போனாய் என்றால்
'இங்கேதானே இருக்கிறேன்.'
அப்படியானால் தவறாகப் பார்ப்பது
என் கண்.

அல்சீராவின் அறையில் சோபா இல்லை.
இரண்டு நாற்காலி, கொஞ்சம் சாய்வாகப் போட்டது,
முகம் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம்.

ஜூன் மாதம், நல்ல குளிர்.
லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவர் கண் இருந்த இடத்தில் இருந்தது,
அவர் போய்விட்டார்.
இதில் எனக்கு அனுபவம் உண்டு:
வேடிக்கையாக ஏதாவது சொல்லி
ஆளைத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.
வாயைத் திறந்தேன்.

'பொறுங்கள்,' என்றார்.
'ஒரு நிமிடம் நான் இங்கே இல்லை.
நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.
பார்த்தது சரிதான்.'

ஹீட்டர் முனகியது.
எங்கே போனார் என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.
என் நாற்பத்தொன்பதாவது வயதில்
ஒருவர், போனதை ஒத்துக்கொண்டார்.

அழுதேனா? இல்லை, கத்தினேன்.
'காசு கொடுக்கிறேன், காசு!'
'ஆமாம்' என்றார்.
லெவிட்டானுக்கு மிச்சம் வைத்திருந்ததையும்
எட்செவெரிக்குக் கொடுக்காமல் போனதையும்
சேர்த்தே கொட்டினேன்.
சுருங்கவில்லை, திருப்பி அடிக்கவில்லை,
விளக்கம் சொல்லவில்லை.
நாற்காலியில் இருந்தார்.
நேரம் முடிந்தபோதும் இருந்தார்.

மறுநாள்
கசிமீரோ கொட்டிவிட்டு வந்து
என் ஜன்னலைத் தட்டினான்.
'காலி வண்டிதானே, எதற்கு இன்னொரு தரம்?
பசிக்கிறது, விடுங்கள்.'
மேடையில் ஏற்றச் சொன்னேன்.
திரையில் எண்கள் நடுங்கி நின்றன:
பதினாலாயிரத்து எண்ணூற்று இருபது கிலோ.

அவசரமில்லாமல் எழுதி
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.