மூணு நிமிஷம்

சித்திரை பிறந்தால் எங்கள் அறிவிப்புப் பலகைக்குக் காய்ச்சல் வரும்.
ஆறரைக்கு நாற்காலி யோகா.
பத்து மணிக்கு அக்கானி, ஆள் வந்தால்.
பதினொன்று முதல் நான்கு வரை
யாரும் வெளியே நடக்கக் கூடாது என்று
மேலாளர் ரெஜின் சிவப்பு மையில் எழுதுவார்.
சரியாக அந்த நேரத்தில்தான் மாதேவன் பிள்ளை
குடையை விரித்துக்கொண்டு
கொல்லாமரத்தடியில் பழம் பொறுக்கப் போவார்.
தூரத்தில் வேளிமலை
பலதரம் துவைத்த சாரம் போல வெளிறிக் கிடக்கும்.

மே மாதம் இரண்டு விருந்தினர் அறைக்கும் அடிபிடி.
அபுதாபி மகள் பதினாலு வரை,
பெங்களூர் மகன் பதினைந்திலிருந்து.
வந்த பிள்ளைகள் லிஃப்டில் ஏறி இறங்கி ஏறி
வைஃபை கடவுச்சொல்லை எங்களைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு
போய்விடுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்போலா.
எண் கூப்பிடுவது நான்.
நாகர்கோவில் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம்
காதில் கருவி, கையில் வயர்.
எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்,
குரலுக்கு யாரும் பிரிவுபசாரம் நடத்தவில்லை.
எண்களை மூடிவைக்க ஆளுக்கு ஒரு பிடி
வறுத்த அயினிக்குரு.
ஹெப்சிபாய் அதைத் தின்றுவிட்டு
எந்த எண் வந்தது, எது வரவில்லை என்று
எல்லோரையும் கேட்பாள்.

அன்று
"ஆறும் ரெண்டும் அறுபத்திரண்டு" என்றேன்.
புதிதாக வந்த சூசைமிக்கேல்
ஃபேனுக்கு நேர் கீழே இருந்தவர் எழுந்தார்.

"நீங்க எக்ஸ்சேஞ்சுல இருந்தியளா?"
"ஆமா."
"எழுவத்தொம்பது, ஆனி மாசம்.
குளச்சல் தபாலாபீசு, பம்பாய்க்கு ஒரு கால்.
நீங்கதான் வெட்டினிய. நல்ல ஓர்மயிருக்கு."

ஒரு நாளைக்கு இருநூறு பேரை இணைத்திருக்கிறேன்.
வலைக்கு விலை பேசினவர்கள், செத்த சேதி சொன்னவர்கள்,
அலோ அலோ என்றே காசைத் தீர்த்தவர்கள்.
ஒட்டுக் கேட்டதும் உண்டு, மழை ராத்திரிகளில்.
இவர் குரல் அதில் எங்கே?

"மூணு நிமிஷம் முடிஞ்சிருக்கும், நீட்டவான்னு கேட்டிருப்பேனே."
"கேட்டிய. கையில வேற சில்லற இல்ல.
சொல்ல வேண்டியது தொண்ட வரைக்கும் வந்து நின்னுது."

"கேஸ பெறவு பேசுங்க," ஹெப்சிபாய்,
"எனக்கு ஒண்ணுதான் பாக்கி."

அப்போது இடித்தது. கோடைமழைக்குப் பயந்து
டிரான்ஸ்ஃபார்மர் முதலில் செத்தது.
ஜெனரேட்டர் எழும்ப எப்போதும் கொஞ்சம் தாமதம்.
இருட்டுக்குள்ளிருந்து அவர்,
"இப்ப குடுங்க."
"என்னத்த?"
"அந்த மூணு நிமிஷத்த."

சிரித்திருக்க வேண்டும்.
என் வாய் அதற்குள் பழைய வேலைக்குப் போய்விட்டது:
"பம்பாய் லைன்ல இருக்கு. பேசுங்க."

மின்னலில் பார்த்தேன்,
கையைக் காதோடு அணைத்திருந்தார்.
"அலோ," என்றார்.
ஹெப்சிபாய் மெல்லுவதை நிறுத்தினாள்.
கூரையில் மழை, ஜன்னலில் மழை.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "அங்க மழ உண்டா?"
அவ்வளவுதான் பேசினார்.
மறுமுனை என்ன சொன்னதோ, தலையை ஆட்டினார்.

பழக்கம், நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.
நூற்றி அறுபதில் விளக்கு வந்தது.
இருபது நொடி அவருக்கு இன்னும் பாக்கி.
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பைக்குள் கையை விட்டேன்:
நாற்பத்தொன்று.
யாரிடமும் அது இல்லை.

திங்கள்கிழமை யோசனைப் பெட்டியில்
ஹெப்சிபாயின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு சீட்டு:
தம்போலாவில் சொந்த விஷயம் பேசி நேரம் போகிறது,
ஆவன செய்யவும்.
ரெஜின் பலகையில் சிவப்பு மையில் எழுதினார்:
இனிமேல் அயினிக்குரு கிடையாது. புளியமுத்து மட்டும்.